ஹாவ் பார் வில்லாவுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சிங்கப்பூரிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர் பெட்டியில் வேறு எது இல்லாவிட்டாலும் கோடாலித் தைலமும் டைகர் பாமும் இருக்கும். பாட்டிக்கு ஒன்று, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, கேட்டுவைத்த மாமாவுக்கு இரண்டு. அந்தப் புலிப் படம் போட்ட சின்னப் புட்டியை விற்ற காசில் எழும்பிய ஒரு தோட்டம் பாசிர் பாஞ்சாங் சாலையோரத்தில் இருக்கிறது. பெயர் ஹாவ் பார் வில்லா. ஒரு குன்று முழுக்கச் சிமெண்டுச் சிலைகள். ஆயிரத்துக்கும் மேல். உள்ளே நுழையக் காசு கிடையாது. எம்ஆர்டி வாசலிலேயே இறக்கிவிடும். ஆனாலும் இங்கே பத்து வருடம் வேலை பார்த்த நம்மவர்களில் பலர் அதை ரயில் நிலையத்தின் பெயராக மட்டுமே அறிவார்கள்.

போனவர்களும் பெரும்பாலும் நரகக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, நாலு படம் எடுத்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். நானும் முதல்முறை அப்படித்தான் வந்தேன். மறுபடி ஒரு சீன நண்பரோடு போனபோது, ஒவ்வொரு சிலைக் கூட்டத்தின் முன்னும் நின்று அவர் தன் பாட்டி சொன்ன கதையைச் சொன்னார். அதே பொம்மைகள்தான், அன்றைக்கு வேறு மாதிரி தெரிந்தன. அதன்பிறகு ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களை நானே கூட்டிப் போகத் தொடங்கினேன். அவர்களுக்கு வழக்கமாகச் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முன்: யார் கட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஆவ் பூன் ஹாவ், ஆவ் பூன் பார் என்று அண்ணன் தம்பி இருவர். பிறந்தது ரங்கூனில், நம் செட்டிநாட்டுக்காரர்கள் கடை வைத்து வாழ்ந்த அதே ரங்கூன். அப்பா சீனாவின் ஃபுஜியன் பகுதியிலிருந்து போய் அங்கே மருந்துக்கடை வைத்தவர். அவர் விட்டுப்போன தைலத்தைப் பிள்ளைகள் இருவரும் மெருகேற்றி டைகர் பாம் என்று விற்றார்கள். ஹாவ் என்றால் புலி, பார் என்றால் சிறுத்தை. தோட்டத்தின் பெயரே அண்ணன் தம்பி பெயர்தான். 1920களில் தொழில் சிங்கப்பூருக்கு வந்தது. நீல் சாலையில் அவர்களுடைய பழைய தொழிற்சாலைக் கட்டடம் இன்னும் நிற்கிறது.

1937-இல் அண்ணன் தன் தம்பிக்காக இந்தக் குன்றின் மேல் ஒரு மாளிகை கட்டினார். அப்போது சாலைக்கு எதிர்ப்பக்கம் கடல். பாசிர் பாஞ்சாங் என்றால் மலாய் மொழியில் நீளமான மணல்கரை என்று பொருள். பின்னால் கடலைத் தூர்த்துவிட்டார்கள். வீட்டைச் சுற்றியிருந்த சரிவில் சிலைகளை எழுப்பி, ஊர்ச் சனங்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டார். ஜப்பான்காரன் காலத்தில் குடும்பம் சிதறியது. தம்பி 1944-இல் ரங்கூனில் இறந்தார். போருக்குப் பிறகு திரும்பி வந்த அண்ணன், சிதைந்திருந்த அந்த வீட்டை இடித்துவிட்டார். ஆனால் தோட்டத்தை விடவில்லை. 1954-இல் தான் இறக்கும்வரை சிலைகளைச் சேர்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே போகும்போது அப்பா, அம்மா, தம்பி நினைவாக அவர் எழுப்பிய தூண்களைப் பார்ப்பீர்கள். தம்பிக்குக் கட்டிய வீடு போய், தம்பிக்கு வைத்த நினைவுத்தூண் மட்டும் நிற்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அதன் முன் கொஞ்ச நேரம் நிற்பேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், வாசலில் கால் வைத்ததும் பலர் கேட்கும் கேள்வி, "அண்ணே, இது கோயிலா, பார்க்கா?" என்பது. பணம் சேர்த்த ஒருவர், தன் பாட்டன் பூட்டன் சொன்ன கதைகளும் நீதிகளும் பிழைக்க வந்த மண்ணில் மறந்துபோய்விடக் கூடாது என்று கட்டிய இடம். படிக்காத சனமும் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகப் பொம்மையாகச் செய்துவைத்தார். நம் ஊர்க் கோபுரத்திலும் அதற்காகத்தானே கதை கதையாகச் சுதைச் சிற்பம் வைத்தார்கள்.

கதைகள்: இரண்டையாவது கேட்டுவிட்டுப் போங்கள்

விளக்கப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் இருக்கும். சுருக்கமாகத்தான் எழுதியிருப்பார்கள். அதனால் முதல்நாள் இரவே கொஞ்சம் தயாராக வேண்டும்.

முதலாவது, குரங்கரசன் சுன் வூகோங் கதை. கல்லிலிருந்து பிறந்த குரங்கு, மேகத்தின் மேல் குட்டிக்கரணம் போட்டுப் பல காதம் தாண்டுகிறது, கையில் ஒரு மாயத்தடி. வானுலகத்தையே கலக்கிவிட்டதால் புத்தர் அதை ஒரு மலைக்கு அடியில் 500 ஆண்டுகள் அடைத்துவைக்கிறார். பிறகு இந்தியாவுக்குப் போய்ப் புனித நூல்களைக் கொண்டுவரும் ஒரு துறவிக்குக் காவலாக அதை அனுப்புகிறார்கள். கூடவே பன்றிமுகம் கொண்ட ஒருவனும், ஆற்றுப் பூதமாக இருந்து திருந்திய ஒருவனும். வழியெல்லாம் அரக்கர்கள், சிலந்திப் பெண்கள், தீ எரியும் மலை. 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற 16-ஆம் நூற்றாண்டுச் சீன நாவலின் கதை இது. நம்மவர்கள் இந்தச் சிலைகளைப் பார்த்ததும் "அனுமார்!" என்பார்கள். கடல் தாண்டியவரும் மேகம் தாண்டியவரும் உறவா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஆனால் இதில் நமக்கு நிச்சயமான ஓர் ஒட்டு உண்டு. அந்தத் துறவி கற்பனை ஆள் இல்லை. சுவான்சாங் என்ற உண்மையான சீன யாத்திரிகர். பள்ளிப் பாடப் புத்தகத்தில் யுவான் சுவாங் என்று படித்திருப்போம். அவர் 640-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல்லவர்களின் காஞ்சிபுரத்துக்கே வந்தவர். அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்து, அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். குதிரைமேல் அமைதியாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சிமெண்டுத் துறவியைப் பார்க்கும்போது, இவர் நம் காஞ்சித் தெருவில் நடந்தவர் என்பது நினைவில் இருக்கட்டும். காஞ்சிபுரத்துக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அந்தச் சிலையருகே நின்று அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

இரண்டாவது, வெள்ளைப் பாம்புப் பெண்ணின் கதை. தவம் செய்து பெண்ணான ஒரு வெள்ளைப் பாம்பு, ஒரு சாதாரண இளைஞனைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பிக்கு ஒருவர் அவள் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறார். ஒரு பண்டிகை நாளில், பாம்புக்கு ஆகாத மருந்து கலந்த மதுவைக் குடித்ததால் அவள் உண்மை உருவம் வெளிப்பட, கணவன் அதிர்ச்சியில் விழுந்து சாகிறான். அவள் உயிரைப் பணயம் வைத்து மூலிகை கொண்டுவந்து அவனைப் பிழைக்கவைக்கிறாள். பிறகும் பிக்கு அவனைக் கோயிலில் பிடித்துவைத்துக்கொள்ள, கடலைப் பொங்கவைத்து, நண்டும் மீனும் ஆமையுமாக ஒரு நீர்ப்படையோடு அந்தக் கோயில்மேல் போர் தொடுக்கிறாள். தோற்று, ஒரு கோபுரத்தின் அடியில் அடைபடுகிறாள். கதை தெரியாமல் பார்த்தால், ஆயுதம் ஏந்திய கடல்பிராணிகளும் அலையும் கட்டடமும் கலந்த ஒரு குழப்பம். தெரிந்து பார்த்தால், புருஷனை மீட்கக் கடலையே கூட்டி வந்த ஒருத்தியின் கோபம். தோட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான்.

நேரமிருந்தால் எட்டு அமரர்கள் கதையையும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் சித்தர்களைப் போன்றவர்கள். கடல் கடக்கப் படகு வேண்டாம் என்று, ஆளுக்கு ஒரு பொருளின் உதவியால் போகிறார்கள். ஊன்றுகோல், விசிறி, வாள், புல்லாங்குழல், தாமரை, பூக்கூடை. யார் கையில் எது இருக்கிறது என்று பார்த்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு.

எப்போது, எப்படிப் போவது

குன்று என்று சொன்னேன் அல்லவா, அதை மனதில் வையுங்கள். நிழல் குறைவு. என் முதல் பயணத்தில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் 12 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், கூட வந்த பிள்ளைக்கு நாலு வயது. அரைமணி நேரத்தில் அது அழத் தொடங்கியது, குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோகவில்லை. அந்தத் தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். காலை 9 மணிக்குத் திறந்ததும் போங்கள், அல்லது மாலை 4 மணிக்கு மேல். மாலை வெளிச்சத்தில் சிலைகளின் வண்ணம் கண்ணுக்கு இதமாக இருக்கும், ஆனால் பிற்பகல் மழை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எப்படியும் குடை ஒன்று பையில் இருக்கட்டும்.

தோட்டம் காலை 9 முதல் இரவு 8 வரை. உள்ளே இருக்கும் நரக அருங்காட்சியகம் தனி. அது காலை 10 முதல் மாலை 6 வரை, திங்கள் விடுமுறை. இந்த நேரங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் தோட்டத்தின் இணையப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரயிலில் போவது சுலபம். நிலையத்தின் பெயரே ஹாவ் பார் வில்லா, வட்டப் பாதையில் இருக்கிறது. தேக்காவிலிருந்து போகிறவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தில் டௌன்டவுன் பாதையில் ஏறுங்கள். மூன்றாவது நிலையம் பொட்டானிக் கார்டன்ஸ். அங்கே வட்டப் பாதைக்கு மாறினால் ஆறாவது நிலையம். இன்னொரு வழி, வடகிழக்குப் பாதையில் கடைசிவரை போய் ஹார்பர்ஃபிரண்டில் மாறுவது. அங்கிருந்து நாலாவது நிலையம். ஜூரோங் பக்கத்துத் தங்குவிடுதிகளிலிருந்து வருகிறவர்கள் கிழக்கு-மேற்குப் பாதையில் புவன விஸ்டா வந்து மாறினால் மூன்றாவது நிலையம். வெளியே வந்தால் தோட்டத்தின் நுழைவாயில் வளைவு பக்கத்திலேயே தெரியும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு ஒரு புட்டித் தண்ணீர், குடை, ஏறி இறங்கத் தோதான செருப்போ ஷூவோ. கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியைவிடத் தூக்கிக்கொள்ளும் துணிப்பை நல்லது, வழியில் படிகள் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது கீழ்ப்பகுதியை நிதானமாகப் பார்த்தாலே போதும், உச்சிவரை ஏற வேண்டியதில்லை.

சாப்பாட்டை முன்பே முடித்துவிட்டுப் போங்கள். அடுத்த நிலையமான பாசிர் பாஞ்சாங் அருகே ஓர் உணவங்காடி நிலையம் இருக்கிறது. திரும்பும்போது அங்கே இறங்கிக்கொள்ளலாம்.

உள்ளே நுழைந்த பிறகு

வாசலில் இருக்கும் வரைபடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதைகள் வளைந்து வளைந்து போகும், ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று வழி வரும். மொத்தம் 8.5 ஹெக்டர், நம் கணக்கில் 21 ஏக்கர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. நான் கூட்டிப் போகிறவர்களிடம் நாலைந்து இடத்தில் மட்டும் நிதானமாக நிற்கச் சொல்வேன். மற்றவை நடக்கிற வழியில் தானாகக் கண்ணில் படும்.

சிலையின் அருகே போய் முதலில் அது எப்படிச் செய்யப்பட்டது என்று பாருங்கள். கம்பி வலையை உருவமாக வளைத்து, அதன்மேல் சிமெண்டைப் பூசி, ஈரம் காய்வதற்குள் முகமும் விரலும் துணி மடிப்பும் இழைத்து, பிறகு வண்ணம். கட்டுமான வேலை பார்க்கும் நம் தம்பிகளுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், பார்த்ததும் பிடித்துக்கொள்வார்கள். ஒருமுறை கூட வந்த கொத்தனார் ஒருவர் ஒரு முதியவர் சிலையின் தாடி முன் வெகுநேரம் நின்றார். "கரண்டியால இழுத்த கோடு இது, விரலால இல்ல" என்று காட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நானும் ஒவ்வொரு சிலையிலும் கரண்டிக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பளிங்கோ வெண்கலமோ இல்லை. வீடு கட்டும் அதே கம்பியும் சிமெண்டும்தான். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் இந்த ஊரில் வண்ணம் சீக்கிரம் உரியும், விரல் உடையும். அதனால் யாராவது எப்போதும் பழுதுபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுவனாக 13 வயதில் இங்கே வேலைக்குச் சேர்ந்து, ஏறத்தாழ 70 ஆண்டுகள் இந்தச் சிலைகளுக்கு வண்ணம் பூசிப் பழுது பார்த்த ஒரு கைவினைஞர் இருந்தார். அவருக்குப் பிறகு அந்த வேலையை யார் கற்றுக்கொள்வது என்பது இந்தத் தோட்டத்தின் பெரிய கவலை. எங்காவது வண்ணம் புதிதாக இருந்தால், அதைப் பூசிய கையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தொடாதீர்கள், மேலே ஏறாதீர்கள், பிள்ளைகளைச் சிலையின் மடியில் உட்காரவைத்துப் படம் எடுக்காதீர்கள். கெட்டியாகத் தெரியும், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். சில சிலைகளின் முன்னால் யாராவது கைகூப்பி நின்றால் அவர்கள் முடிக்கும்வரை குறுக்கே போகாமல் ஒதுங்கி நில்லுங்கள். நமக்குக் காட்சிப்பொருளாகத் தெரிவது அவர்களுக்குச் சாமியாக இருக்கலாம்.

சிரிப்பு வந்தால் சிரியுங்கள், பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள்

சில காட்சிகள் முதலில் திடுக்கிட வைக்கும். மனிதத் தலையோடு ஒரு நண்டு. எலிகளும் முயல்களும் இராணுவம் போல மோதும் ஒரு போர்க்களம். திடீரென்று ஒரு சுதந்திரதேவி சிலை, பக்கத்தில் ஜப்பானிய மல்யுத்த வீரர்கள். எல்லாவற்றையும் ஒரே கதையாக இணைக்கப் பார்க்காதீர்கள். ஊர் ஊராகப் பயணம் செய்த வணிகர், தான் பார்த்ததையும் தன் சனத்துக்குக் காட்ட ஆசைப்பட்டார்.

இளம்பெண் ஒருத்தி வயதான ஒரு மூதாட்டிக்குப் பால் கொடுக்கும் சிலை ஒன்று உண்டு. கூட்டத்தில் வந்தவர்கள் கிண்டலடித்துக்கொண்டே கடந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அது பெற்றோரைப் பேணிய 24 பேர் பற்றிய பழைய சீனக் கதைகளில் ஒன்று. பல் எல்லாம் விழுந்து எதையும் மெல்ல முடியாத மாமியாரைப் பட்டினி போட மனமில்லாமல் மருமகள் தாய்ப்பால் கொடுத்துக் காப்பாற்றுகிறாள். கதையைச் சொன்னதும் கிண்டல் நின்றுவிடும். ஊரில் வயதான அம்மாவை விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த இடத்தில் பேச்சைக் குறைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன்.

நல்லதும் கெட்டதும் என்று ஒரு நீளமான காட்சித் தொகுதியும் இருக்கிறது. சூதாட்டம், போதை, பொய், பேராசை ஒரு பக்கம், உதவி, நேர்மை, உழைப்பு இன்னொரு பக்கம். பழைய காலத்துக் கப்பல்துறைக் கூலிகளும் ரிக்‌ஷாக்காரர்களும் சீனப் புத்தாண்டுக்குக் குடும்பத்தோடு வந்து பார்த்த இடம் இது. வேலை முடிந்த இரவுகளில் அபினியும் சூதும் அவர்களை எப்படி இழுத்தன என்று நினைத்துப் பார்த்தால், இந்தப் பொம்மைகளைச் செய்துவைத்தவரின் அக்கறை புரியும். இங்கே நாலு டி லாட்டரிச் சீட்டில் சம்பளத்தைக் கரைக்கிற நம் பிள்ளைகளும் ஒருமுறை இதன் முன் நிற்கலாம்.

பத்து நரக மன்றங்கள்

எல்லோரும் கேட்டு வருவது இதைத்தான். 2021 அக்டோபர் முதல் இது நரக அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. இதற்குத் தனிக் கட்டணம் உண்டு, குளிரூட்டப்பட்ட அரங்குகளும் சேர்த்து. கட்டணம் கொடுக்க வேண்டுமா என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில்: முதல்முறை வெளியே இருக்கும் தோட்டத்தை மட்டும் பாருங்கள். மனசு ஒட்டிக்கொண்டால் அடுத்தமுறை நரகத்துக்கு வாருங்கள். அருங்காட்சியகம் மரணத்தைப் பற்றிப் பல சமயங்கள் என்ன நினைக்கின்றன என்பதையும் காட்டுகிறது, அவசரமாகப் பார்க்கக் கூடாத இடம்.

பத்து மன்றங்களுக்கும் பத்து அரசர்கள். ஐந்தாவது மன்றத்து அரசர் பெயர் யென்லுவோ. அது யார் தெரியுமா? நம் யமராஜன்தான். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனபோது பெயர் உச்சரிப்பு மாறிவிட்டது. சீன மரபில் ஒரு கதை உண்டு. அவர் முதலில் முதல் மன்றத்தில்தான் இருந்தாராம். பாவிகள்மேல் அதிகம் இரக்கம் காட்டுகிறார் என்று ஐந்தாவதுக்கு இறக்கிவிட்டார்களாம். எருமை மேல் பாசக்கயிற்றோடு வருகிற யமனையே அறிந்த நமக்கு, இரக்கத்துக்காகப் பதவி இறங்கிய யமன் புதியவர். அரசர் பக்கத்தில் ஏட்டோடு நிற்கும் கணக்கர் யாரென்றும் உங்களுக்கே தெரிந்துவிடும். காஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் சித்திரகுப்தனின் வேலையைத்தான் இவரும் பார்க்கிறார்.

முதல் மன்றத்தில் கணக்குப் பார்க்கிறார்கள். நல்லவர்களுக்குப் பொற்பாலம், வெள்ளிப்பாலம். மற்றவர்களுக்கு முன்னால் ஒரு கண்ணாடி, செய்த பாவம் அதில் தெரியும். அங்கிருந்து ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு மன்றம். நன்றி மறந்தவனின் இதயத்தைப் பிடுங்குகிறார்கள். வரி ஏய்த்தவனையும், வாடகை கொடுக்காதவனையும், வியாபாரத்தில் ஏமாற்றியவனையும் கல் உலக்கையால் இடிக்கிறார்கள். கந்துவட்டிக்காரனைக் கத்திமலையில் எறிகிறார்கள். புறம் பேசிக் குடும்பத்தைக் கலைத்தவனின் நாக்கை இழுக்கிறார்கள். சோற்றை வீணாக்கியவனுக்கும் ரம்பம் காத்திருக்கிறது. தேர்வில் காப்பியடித்தவனின் குடலை உருவுகிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் இந்த இடத்தில் மட்டும் குரலை உயர்த்துவார்கள். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரையைப் பார்த்ததும், கருட புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கும்பீபாகம் நினைவு வரும்.

இதில் என்னைக் கவர்ந்தது தண்டனைகளைவிடக் குற்றப் பட்டியல். கொலை, கொள்ளை எல்லா நாட்டிலும் குற்றம். வாடகை பாக்கி, வட்டிக் கொடுமை, அண்ணன் தம்பிக்குள் மரியாதைக் குறைவு, முதியவரைக் கைவிடுவது, இவையெல்லாம் புலம்பெயர்ந்து வந்து ஒரே அறையில் பத்துப் பேராக வாழ்ந்த ஒரு சமூகத்தின் அன்றாடச் சிக்கல்கள். அந்தப் பட்டியலைப் படித்தால் அந்தக் காலத்துச் சிங்கப்பூர் எப்படி இருந்திருக்கும் என்பது புரிகிறது.

பத்தாவது மன்றத்தில் அடித்தல் உதைத்தல் இல்லை. அங்கே பிறவிச் சக்கரம் சுழல்கிறது, அடுத்து யாராக, என்னவாகப் பிறப்பது என்று முடிவாகிறது. போவதற்கு முன் மெங் போ என்ற மூதாட்டி ஒரு கோப்பைத் தேநீர் தருவாள். குடித்தால் இந்தப் பிறவியே மறந்துபோகும். அதைத் தவறவிடாதீர்கள், இரத்தக் காட்சிகளைப் பார்த்துக் களைத்தவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் வெளியே வந்துவிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உருவங்கள் சின்னவை, ஆனால் வெட்டும் குத்தும் வெளிப்படையாக இருக்கும். இருட்டுக்கும் இரத்தத்துக்கும் பயப்படும் பிள்ளை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள், வெளியே குரங்கும் பன்றியும் போதும். பள்ளி வயதுப் பிள்ளையை அழைத்துப் போனால், முன்கூட்டியே "இது கதை, சிமெண்டில் செய்தது" என்று சொல்லிவையுங்கள். வேடிக்கைக்காகப் பயமுறுத்தாதீர்கள். "சொன்ன பேச்சுக் கேக்கலைன்னா உன்னையும் இங்க விட்டுருவேன்" என்று ஒருவர் சொல்ல, அந்தக் குழந்தை ரயில் ஏறும்வரை தேம்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தத் தோட்டம் இத்தனை காலம் நின்றதே பெரிது

1985-இல் அரசாங்கம் இந்த இடத்தை எடுத்துக்கொண்டது. 1990-இல் கட்டணத்தோடு ஒரு கேளிக்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். பெரிய டிராகனின் உடலுக்குள் படகில் போய் நரகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் கூட்டம், பிறகு நட்டம். கடைசியில் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இங்கே வளர்ந்த 50 வயதுத் தமிழர்களைக் கேளுங்கள், பள்ளிச் சுற்றுலாவில் வந்து இரவு தூக்கம் வராமல் கிடந்த கதை ஒன்று நிச்சயம் இருக்கும். முடிந்தால் அப்படி ஒருவரைக் கூடவே அழைத்துப் போங்கள். எந்தப் பலகையும் தராத விவரம் அவர்களிடம் கிடைக்கும்.

நல்ல நிதானமாகப் பார்த்தால் தோட்டத்துக்கு இரண்டரை மணி நேரம், நரகத்தையும் சேர்த்தால் இன்னும் ஒன்றரை. களைப்பானால் குளத்தருகே உட்காருங்கள்.

இதே ருசி பிடித்துப்போனவர்களுக்கு

அடுத்த ஓய்வு நாளில் இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். 1827-இல் தொடங்கியது, உங்களுக்குத் தெரிந்த கோயில்தான். ஆனால் இம்முறை கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று ஒவ்வொரு சுதை உருவமாக அண்ணாந்து பாருங்கள். ஹாவ் பார் வில்லாவில் கரண்டிக் கோடு தேடிய கண்ணுக்கு இப்போது அதுவும் தெரியும்.

இன்னொன்று தீவின் மறுகோடியில், லோயாங் துவா பெக் கோங் கோயில். 1980களில் லோயாங் கடற்கரையில் யாரோ கைவிட்ட சாமி சிலைகள் கிடந்தன. சீனச் சாமி, புத்தர், நம் சாமி எல்லாம் கலந்து. அவற்றைக் கண்ட நண்பர்கள் சிலர் மனம் பொறுக்காமல் எடுத்துவந்து, செங்கல்லும் தகரமும் வைத்துக் குடிசை போல ஒன்றைக் கட்டி உள்ளே வைத்தார்கள். 1996-இல் அது தீயில் போனது. மறுபடி கட்டினார்கள், 2007-இல் லோயாங் வேயில் இப்போதைய இடத்துக்கு மாறியது. சீனத் தெய்வத்தோடு ஒரே வளாகத்தில் நம் பிள்ளையாரும் இருக்கிறார், மலாய் மரபிலான டத்தோ என்ற காவல் தெய்வத்தின் சன்னிதியும் இருக்கிறது. அதன் முன்னால் பன்றி இறைச்சி எதுவும் படைக்கக் கூடாது என்பது முறை. பாசிர் ரிஸ் எம்ஆர்டியில் இறங்கிப் பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்த நினைப்பவர்கள் தேக்காவிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.